கேம் பெட்டிக்கு ஒரு பட்டிமன்றம்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். இப்போது நம் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து விளையாடுகிறார்களே, அந்தச் சாமான்களில் ஊதுவதற்கு ஓர் இடம் இருக்கிறதா? கிடையாது. நம் காலத்தில் வீடியோ கேம் என்றால் முதலில் ஊத வேண்டும். கேசட்டை உருவி, புல்லாங்குழல் மாதிரி உதட்டருகே பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஊது. திரும்பச் சொருகினால் படம் வரும். வராவிட்டால் இன்னும் பலமாக ஊதுவோம். எச்சில் பட்டுத்தான் அதெல்லாம் கெட்டுப்போயிற்று என்று என் மகன் இப்போது பாடம் எடுக்கிறான். போடா, உனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குக் கேம் பெட்டி வந்தது எண்பதுகளின் நடுவில். அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. எங்களோடு அத்தையும் இருந்தார். அப்பாவின் அக்கா. டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களை அடுத்தவர்களோடு பேசவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் லைனில் பேசுகிற அதே குரல்தான். சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட அறிவிப்பு மாதிரி சொல்வார்.

அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ரயிலில் கார்டாக இருந்தவர். ஒரு நாள் காலை பச்சைக்கொடியையும் சாப்பாட்டு அடுக்கையும் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று “வரேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். கெமாஸ் ஸ்டேஷன் ஓய்வறையில் படுத்துத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. அவருடைய மீசை மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாமாவின் பேச்சை எடுக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் கடைப்பிடித்தோம். அத்தை ஹாலுக்குள் வந்தால் அம்மா பேச்சை மாற்றுவார். மாமாவின் படம் அலமாரிக்குள் போய்விட்டது. ரயில் கூவினால் அத்தைக்கு நினைவு வந்துவிடுமாம், அதனால் அப்பா ஓடிப்போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். ரயில்வே குவாட்டர்ஸில் ரயில் கூவாமல் வேறென்ன கூவும்? எங்கள் வீட்டு ரேடியோ விடிந்ததிலிருந்து அலறிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி எங்களுக்குக் காது மந்தம் என்றே கடைசிவரை நம்பினார்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். அதைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. கிள்ளானில் இருந்ததால் கிள்ளான் மாமா. போர்ட்டில் வேலை. கப்பலில் வருகிறவர்களோடு சகவாசம். ஒவ்வொரு முறை வரும்போதும் யாரும் கேட்காத ஏதோ ஒரு சாமானோடு வருவார். அந்த முறை ஒரு பால்மாவு அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“என்னடா அது? போன தடவ கொண்டாந்த பொம்மைக் கடிகாரமே இன்னும் நேரங்கெட்ட நேரத்துல கூவிக்கிட்டு இருக்கு” என்றார் அம்மா.

“இது வேற மாதிரி சாமான்க்கா. ஜப்பான் லா!”

உள்ளே வெள்ளையும் மருதாணிச் சிவப்புமாக ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் இரண்டு கண்ட்ரோல்கள், காதில் செருகிய மாதிரி. நடுவில் கேசட் சொருக ஒரு வாய், அதற்கு ஒரு குட்டிக் கதவு. நான் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினேன். டப், டப் என்று அது மூடுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புது பிளாஸ்டிக்கின் வாசனை வேறு. இது நம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் முடிவு செய்ய நான் யார்? எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை இருந்தது. அப்பா வாரநாளில்தான் கிராணி. சனி, ஞாயிறு ஆனால் பட்டிமன்ற நடுவர். செலாயாங், ரவாங், சுங்கை வே என்று எந்தக் கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம் போட்டாலும் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த வழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஐஸ் பெட்டி வாங்கலாமா, அண்ணன் முடி வளர்க்கலாமா, பூனையை வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றுக்கும் ஹாலில் பட்டிமன்றம். இரண்டு அணி, ஒரு நடுவர், தீர்ப்பு. பூனைக்கு நடந்த பட்டிமன்றத்தில் அம்மா சமைத்துக்கொண்டே பேசியதால் தோற்றார். பூனை தங்கிவிட்டது.

அப்பா பெட்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

“சாதகம் பாதகம் பார்க்காம ஒரு தொடப்பம்கூட இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல. சரஸ்வதி பூஜை வரைக்கும் இருக்கட்டும். பூஜைக்கு மொத நாள் பட்டிமன்றம். தோத்துச்சுன்னா மச்சான் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடணும்.”

“பிரச்சன இல்ல மச்சான். எனக்குப் பொண்ணு பேசியிருக்கற வீட்ல மூணு பசங்க இருக்கானுங்க. குடுத்தா மரியாதையா இருக்கும்” என்றார் கிள்ளான் மாமா, கொஞ்சம்கூட ஈவிரக்கம் இல்லாமல். முகம் தெரியாத அந்த மூன்று பையன்களை நான் அன்றிலிருந்தே வெறுக்க ஆரம்பித்தேன்.

நேர்மையாகச் சொன்னால் பெட்டியில் குறைகள் இருக்கத்தான் செய்தன. முதலாவது, அதன் ஒயர் மகா குட்டை. டிவிக்கு முன்னால் மூக்கு முட்ட உட்கார்ந்தால்தான் விளையாட முடியும். அதனுடைய அடாப்டர் இட்லிச் சட்டி மாதிரி சூடாகும். பூனை அதன்மேல் படுத்துக்கொண்டு இறங்க மறுத்தது. மழை இருட்டினால் அம்மா பாய்ந்து வந்து எல்லா ஒயரையும் பிடுங்குவார். கோலாலம்பூரில் எந்தச் சாயங்காலம் மழை இருட்டாமல் இருந்தது, சொல்லுங்கள்?

எனக்கு இருந்த குறை வேறு. முதல் கண்ட்ரோலில்தான் ‘ஸ்டார்ட்’ பொத்தான் இருந்தது. இரண்டாவதில் கிடையாது. முதலாவது அண்ணனுடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் மனது வைத்து அமுக்கினால்தான் எனக்கு ஆட்டமே. ஆனால் என்னுடையதில் ஒரு விசேஷம் இருந்தது. அதில் ஒரு குட்டி மைக் பதித்திருந்தார்கள். அதில் பேசினால் நம் குரல் டிவியிலிருந்து வரும். நான் அதில் “அண்ணன் ஒரு பண்ணி” என்று சொல்வேன். டிவியே அதைச் சொல்லும். அந்த ஒன்றில் எனக்கு மனம் ஆறிவிடும்.

பெட்டி வந்ததும் அண்ணன் மாறிப்போனான். எதைக் கேட்டாலும் “ம்” என்றான். குளிச்சியா? ம். சாப்டியா? ம். அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, அவன் பின்னால் நின்று, “தம்பி, வீட்டுக்குள்ள யானை வந்திருக்கு” என்றார். “ம்.” “அத கட்டிக்கிறியா?” “ம்.” அம்மா அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய குற்றம் தமிழ்ப் படத்தில் நடந்தது. வாரத்துக்கு ஒரு படம்தானே அப்போது டிவியில்? டிவிக்குப் பின்னால் ஏரியல் ஒயரில் ஒரு டப்பா தொங்கும். விளையாடி முடித்ததும் அதில் உள்ள விசையை டிவி பக்கம் தள்ள வேண்டும். அண்ணன் தள்ளவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டு ஆன்டியும் முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தால் திரை முழுக்க வெறும் புள்ளி. எந்த ஒயரைப் பிடுங்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கி, ஒருவழியாகப் படம் வந்தபோது கதாநாயகிக்குக் கல்யாணம் முடிந்து குழந்தையே பிறந்துவிட்டது. அந்தக் குழந்தை யாருடையது என்று தெரியாமலேயே ஆன்டி வீட்டுக்குப் போனார்.

ஆனால் பெட்டிக்கு நிஜமான ஆபத்து அம்மாவிடமிருந்து வரவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா சாமி மேடையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அத்தை வேலை முடிந்து வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தார். விமான விளையாட்டில் அண்ணனின் விமானம் வெடித்தது.

“ஐயோ, செத்துட்டேன்!” என்று அலறினான்.

“செத்துட்டேல்ல? சீக்கிரம் தள்ளு, என் டர்ன்” என்றேன் நான்.

“இரு லா, எனக்கு இன்னும் ஒரு உசிரு இருக்கு!”

அம்மா தீப்பெட்டியும் கையுமாக ஓடிவந்தார். “வாயிலேயே போடுவேன்! என்ன பேச்சுடா இது, வெளக்கு வெக்கிற நேரத்துல!” என்று சொல்லிவிட்டு, அத்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அப்பா எழுந்து, ரயில் எதுவும் கூவாமலேயே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அத்தை திட்டவில்லை. குடையை மூலையில் சாய்த்துவிட்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். “அந்த வார்த்த இந்த வீட்ல வேணாம்” என்றார், லைனில் பேசுகிற குரலில்.

“அப்ப வேற என்ன அத்த சொல்றது?” என்றான் அண்ணன்.

“வெளிய கெளம்பறப்ப நாம என்ன சொல்றோம்? போறேன்னா சொல்றோம்? போயிட்டு வரேன்னு சொல்லு.”

அன்றிலிருந்து அதுதான் சட்டம். விமானம் வெடித்தால் “போயிட்டு வரேன்!” பீரங்கி நசுங்கினால் “போயிட்டு வரேன்!” தோற்கிற கோபத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். அண்ணன் கண்ட்ரோலைத் தரையில் குத்திக்கொண்டே, “போயிட்டு வரேன், சனியனே, போயிட்டு வரேன்!” என்று கத்துவான். பக்கத்து வீட்டு ஆன்டி ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு ஓடிவந்து, “யாரு கெளம்பறா? பாசாருக்கா? எனக்கும் கொஞ்சம் கருவேப்பில!” என்பார். பின் வரிசை வீட்டிலிருந்து விளையாட வந்த சீனப் பையன்கூட, வெடித்தால் “போய்த்து வரேன் லா!” என்று சுத்தத் தமிழில் கத்தக் கற்றுக்கொண்டான். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் ‘பை பை’ என்பான்.

அத்தை இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் ஹாலைக் கடக்கும்போது டிவிப் பக்கம் திரும்பமாட்டார். பட்டிமன்றத்தில் அத்தை எந்த அணி என்று கேட்கவே வேண்டியதில்லை. அத்தை எதிர்த்துப் பேசிய எதற்கும் அப்பா சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அந்த மூன்று பையன்களும் என் பெட்டியின் குட்டிக் கதவை டப், டப் என்று திறந்து மூடுவதாகக் கனவு வந்தது.

பட்டிமன்ற நாளும் வந்தது. அப்பா ஜிப்பா போட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தலைப்பு: கேம் பெட்டியால் குடும்பத்துக்கு விளைவது நன்மையா, தீமையா? நன்மை அணியில் அண்ணனும் நானும். தீமை அணியில் அம்மாவும் அத்தையும். கிள்ளான் மாமா எங்கள் பக்கம் பேச எழுந்தார். “பெட்டியக் கொண்டாந்தவரு சாட்சி. சாட்சி பேசக் கூடாது” என்று நடுவர் உட்காரவைத்துவிட்டார். சாட்சி முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை தின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. “அப்பா, மைக் இருக்கு” என்றேன்.

“எங்க?”

பெட்டியைப் போட்டு என் கண்ட்ரோலை நீட்டினேன். அப்பா அதை வாங்கி, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றார். டிவியிலிருந்து அவர் குரல் முழங்கியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை வருடம் கோயில் மண்டபங்களில் பாதி கூட்டத்தில் செத்துப்போகும் மைக்குகளோடு மாரடித்த மனிதர். அப்பா அந்தக் கண்ட்ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி ஜெயித்துவிட்டோம் என்று அண்ணன் என்னை இடித்தான்.

ஒரே சங்கடம், ஒயர் குட்டை. பேசுகிறவர்கள் டிவி முன்னால் குந்தித்தான் பேச வேண்டும். நடுவரும் ஜிப்பாவைத் தூக்கிக்கொண்டு குந்தி, “இரு அணியினரும் என் இரு கண்கள்” என்று ஆரம்பித்தார்.

அண்ணன் முதலில் பேசினான். எங்கேயோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததை மனப்பாடம் செய்திருந்தான். “நடுவர் அவர்களே, இந்த விளையாட்டினால் கண்ணும் கையும் ஒருங்கிணைந்து செயல்படும் ஆற்றல் வளர்கிறது!”

அம்மா மைக்கைப் பிடுங்கினார். “கண்ணும் கையும் ஒண்ணா வேல செய்யுதாம்! அப்ப நேத்து தேங்காத் துருவச் சொன்னா ஏன் வெரலத் துருவிக்கிட்டான்? நடுவர் அவர்களே, இவன் யானையக் கட்டிக்கிறேன்னு சொன்ன புள்ள. கேட்டுப் பாருங்க. அப்புறம் அந்தப் படத்துல வந்த கொழந்த யாரோடதுன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது!”

சாட்சி கைதட்டினார். நடுவர் அவரை முறைத்தார்.

அடுத்தது அத்தை. புடவையை ஒதுக்கிக்கொண்டு முறையாகக் குந்தி, மைக்கை வாயிலிருந்து சரியான தூரத்தில் பிடித்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா. டிவியிலிருந்து அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது.

“நடுவர் அவர்களே, எனக்குப் படமும் வேணாம், தேங்காயும் வேணாம். ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பெட்டி புள்ளைங்களுக்குச் சாவ வெளையாட்டாக் காட்டுது. உசிரு மூணு இருக்கு, நாலு இருக்குன்னு சொல்லிக் குடுக்குது. அப்படி இல்லன்னு நமக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியவேணாமா? அவ்ளோதான்.”

யாரும் கைதட்டவில்லை. சாட்சி முறுக்கை மென்று முடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தார். அப்பா தலையை மெல்ல ஆட்டினார். அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். தீர்ப்பு முடிந்துவிட்டது, இனி நான் பேசுவது கணக்குக்குத்தான்.

அண்ணன் எனக்கு எழுதிக் கொடுத்த பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. கண்ணில் நீர் முட்டியது. பெட்டி போகப் போகிறது என்ற ஆத்திரத்தில் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசினேன். டிவி கரகரத்தது.

“அத்த சொல்றது தப்பு! இதுல யாரும் சாகறதே இல்ல. விழுந்தவன் திரும்பி வந்துடறான். அதே எடத்துக்கு, அதே சட்டையோட வரான். வெளியிலதான் போனவங்க வரமாட்டேங்கறாங்க. மாமா வரேன்னு சொல்லிட்டுத்தான போனாரு? வந்தாரா? இவன் சொல்லாமலேயே வரான்! அப்ப எது நல்லது?”

என் குரல் டிவியிலிருந்து முழங்கி அடங்கியது. நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிய தப்பு என்று மட்டும் தெரிந்தது.

“பாப்பா! போதும், எந்திரி!” என்றார் அப்பா. அவரை அறியாமல் கை ரேடியோவைத் தேடியது.

“நடுவர் பேச்சாளர நடுவுல நிறுத்தக் கூடாது” என்றார் அத்தை.

அப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

அத்தை என் பக்கத்தில் வந்து குந்தினார். மைக்கைக் கேட்கவில்லை. அது என் கையிலேயே இருந்ததால் அத்தை பேசியதும் டிவியில் கேட்டது. “அவரு போனதுலேருந்து இந்த வீட்ல ஒருத்தரும் அவரப் பத்திப் பேசறதில்ல. நான் அழுதுடுவேன்னு நெனைக்கிறீங்க. பேசாம இருந்தா மட்டும் நான் மறந்துடுவேனா? இந்தச் சின்னப் புள்ளதான் இன்னிக்கி வாயத் திறந்து மாமான்னு சொல்லியிருக்கு.” என் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. பிறகு நிமிர்ந்து, பழைய குரலில், “நடுவர் அவர்களே, இந்தக் கருத்துக்கு எங்க அணிக்கிட்ட பதில் இல்ல” என்றார்.

“எங்க அணியா? என்னைக் கேக்காமலா?” என்றார் அம்மா. ஆனால் அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தீர்ப்பு சாதாரணமாக ஒரு மணி நேரம் போகும். அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பெட்டி இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத் தண்டவாளப் பக்கம் ரயில் கூவியது. அப்பா பழக்கத்தில் ரேடியோப் பக்கம் எழுந்தார்.

“விடு தம்பி, கூவட்டும்” என்றார் அத்தை.

அன்று இரவு மாமாவின் படம் அலமாரியிலிருந்து வெளியே வந்தது. என் நினைவில் இருந்ததைவிட மீசை சிறியதாக இருந்தது. பெரியவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று நம்பித்தான் நாம் வளர்ந்தோம், இல்லையா? ஒரு பொம்பளையின் துக்கத்தை ரேடியோவால் மூடிவைக்கலாம் என்று ஆறு வருடம் நம்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மறுநாள் சரஸ்வதி பூஜை.

பூஜைக்குப் பாடப் புத்தகங்களை வைக்க வேண்டும், அன்று படிக்கக் கூடாது. இது சரஸ்வதியே நமக்குக் கொடுத்த லீவு அல்லவா? நானும் அண்ணனும் ஒன்றுகூட விடாமல் அடுக்கினோம். அம்மா கத்தரிக்கோலும் தையல் மெஷினும், அப்பா பேனா. அத்தை நேராக டிவியிடம் போனார். ஒயர்களைக் கழற்றிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து புத்தகங்களுக்கு நடுவில் வைத்தார்.

“வீட்டுக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் சந்தனம் குங்குமம் வெக்காம எப்படி?” என்றார்.

எங்கள் யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை. லோரிக்கு வைக்கிறோம், தையல் மெஷினுக்கு வைக்கிறோம், இதற்கு வைத்தால் என்ன? அத்தை மனசாரச் செய்தார். சந்தனத்தை நன்றாகக் குழைத்து நான்கு மூலையிலும் பொட்டு வைத்தார். கண்ட்ரோல்களுக்கு ஒன்று, ஒன்று. பிறகு குட்டிக் கதவைத் திறந்து, “இதுதான வாய்?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். விரல் நிறையச் சந்தனம் எடுத்து உள்ளே, ஆழமாக, ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். ஓர் உதிரி மல்லிகை. பூஜை முடிந்ததும் தீர்த்தம் தெளித்ததில் அதற்கும் தாராளமாகவே கிடைத்தது.

மறுநாள் காலை அண்ணன் கேசட்டைச் சொருகினான். வழவழவென்று போயிற்று. படம் வரவில்லை. ஊதினான், மூக்கெல்லாம் குங்குமம். மறுபடி ஊதினான். ஒரு தடவை திரை சிவப்பாக மினுங்கி அணைந்தது. அத்தை வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“செத்துடுச்சு!” என்று அழுதான் அண்ணன், அந்த வயதுக்கு வெட்கமே இல்லாமல். “அத்த, பெட்டி செத்துடுச்சு!”

அத்தை ஒரு கால் செருப்போடு உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். நானும் அழத் தயாரானேன். ஆனால் அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து என்னால் அழ முடியவில்லை.

“அப்படிச் சொல்லாத” என்றேன் அண்ணனிடம். “அத்த, போயிட்டு வரும்.”

கிள்ளான் மாமா அதைப் பழைய பால்மாவுப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார். கிள்ளான் பாசார் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு சீன அங்கிள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “அலாமா! உள்ள கோயில் கட்டி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாராம். பல் விளக்கும் பிரஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாராம். மல்லிகையைத் தனியாக ஒரு தாளில் மடித்துக் கொடுத்து, சாமி சாமான், தூக்கிப் போடக் கூடாது என்றாராம்.

தீபாவளிக்கு முன்பு பெட்டி திரும்பி வந்தது. அண்ணன் கேசட்டைச் சொருகினான். பளிச்சென்று படம் வந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில், பெட்டி சூடேற ஆரம்பித்ததும், ஹால் முழுக்கச் சந்தன வாசனை. சீன அங்கிளின் பிரஷ் எட்டாத ஏதோ இடுக்கில் அத்தையின் சந்தனம் மிச்சம் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியை எப்போது போட்டாலும் அப்படித்தான் மணக்கும். என் மகன் இன்றைய பெட்டிகளின் சிறப்பை எல்லாம் அடுக்கும்போது, உன்னுடையது சூடானால் என்ன வாசம் வரும் என்று கேட்பேன்.

வாசனை பிடித்துக்கொண்டு அத்தை அறையிலிருந்து வந்தார். எங்கள் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்தார்.

“தம்பி, அந்த ஸ்டார்ட் இருக்கறத இப்படிக் குடு.”

அண்ணன் எதிர்த்துப் பேச வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், கொடுத்தான். அத்தை மைக்கைப் பிடிக்கிற மாதிரியே அதையும் நிமிர்த்திப் பிடித்தார். சுவரைத் தாண்டித் தாண்டி ஓடும் ஒரு குட்டை ஆளின் விளையாட்டு அது. எதை அமுக்கினால் தாண்டுவான் என்று காட்டினேன். அத்தை அமுக்கும்போது கண்ட்ரோலோடு சேர்ந்து அவரும் தாண்டினார், குதிகால் எழும்பி எழும்பி விழுந்தது. அப்பா பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். அம்மா சாமி மேடையில் திரியைத் தூண்டிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். முதல் சுவர் தாண்டியாயிற்று. இரண்டாவதும் தாண்டியாயிற்று. மூன்றாவதில் குட்டை ஆள் தலைகீழாகப் பள்ளத்தில் விழுந்தான்.

“ஐயோ, செத்துட்டேன்!” என்று கத்தினார் அத்தை.

அம்மாவின் விரலில் தீக்குச்சி எரிந்துகொண்டே வந்தது. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். திரையில் அந்தக் குட்டை ஆள், விழுந்த அதே இடத்தில், அதே சட்டையோடு, மினுக் மினுக்கென்று மறுபடி வந்து நின்றான்.

அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்ன எல்லாரும் பார்க்கறீங்க? இன்னும் ரெண்டு உசிரு இருக்கு. தள்ளி உக்காருங்க, மறைக்குது.”